பதினாலாவது ஆள்

விமானத்தில் பருத்த உடம்புக்காரரிடம் இரண்டு இருக்கைக்குக் காசு கேட்பார்களா? கேட்பார்கள் என்றால் அது நியாயமா? போன வருடம் மாரி தொடங்குவதற்குச் சற்று முன், மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ஓடும் வான் ஒன்றுக்குள் வைத்து ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வி இது. படித்த பிள்ளை, தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டார். விமானங்களை நான் அண்ணாந்து பார்த்ததோடு சரி. அதுவும் எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டோம், குண்டுக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவோம். அன்று அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றும் என்னிடம் பதில் இல்லை. இல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. அவளுடைய நெஞ்சில் ஒரு வேண்டாத சத்தம் கேட்கிறது என்று சொல்லி, எங்கள் ஆஸ்பத்திரியில் கொழும்பு கிளினிக்குக்குக் கடிதம் தந்திருந்தார்கள். முதல் தடவை கொடுத்த திகதிக்குப் போக முடியவில்லை. ஆமி பாதையைப் பூட்டிவிட்டது. இப்போதெல்லாம் பாதை ஒரு வாரம் திறந்திருக்கும், மறுவாரம் பூட்டியிருக்கும், ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது திகதியையும் விட்டால் மறுபடி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கணவரால் கூட வர முடியாது. எங்கள் பக்கத்து இளம் ஆண்கள் கொழும்புக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாத காலம் இது. "நீ போனா திரும்பி வருவாய். நான் வந்தா உனக்கு ரெண்டு வேலை, புள்ளையையும் பாக்கோணும், என்னையும் தேடோணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் இரவெல்லாம் நித்திரையில்லாமல், பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

வான் சாரதியே வானின் சொந்தக்காரரும். பதினான்கு இருக்கைகள். முதல் நாளே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவைக்க வேண்டும். மடியில் இருக்கும் பிள்ளைக்குக் காசு இல்லை. வழியில் யார் கை காட்டினாலும் நிறுத்தி ஏற்ற மாட்டார், அதில் அவர் கண்டிப்பு. எனக்குக் கிடைத்தது கடைசி வரிசையில் ஒரு ஓரம்.

விடிந்தும் விடியாத நேரத்தில், நாங்கள் எல்லோரும் ஏறி இருந்த பிறகு, அந்தக் கேள்வியைக் கேட்ட மாமி வந்தார். ஐம்பது வயது மட்டில் இருக்கும். செட்டிபாளையத்துக்காரர். வாவிக்கரையில் தோணிகள் வந்து அடையும்போது இறால் வாங்கிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறவர் என்று பிறகு சொன்னார். நல்ல பெரிய உடம்பு. கதவுக்குள் நேராக நுழைய முடியாமல் பக்கவாட்டில் திரும்பி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மூச்சை உள்ளே இழுத்து ஏறினார். மறுகையில் கருவாட்டுப் பை. எனக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த இரண்டு இருக்கையும் அவருக்குத்தான். இரண்டுக்கும் காசு வாங்கியிருந்தார் சாரதி.

"ரெண்டு சீட்டுக்கு எடுத்தாய் தம்பி, ரெண்டு தரம் கொண்டுபோய் விடுவியா?" என்று ஏறி இருந்ததும் கேட்டார் மாமி.

"அக்கா, ஒரு சீட்டுக்கு எடுத்தா உங்களுக்குப் பக்கத்தில இருக்கிற ஆள் கொழும்பு மட்டும் என்னை ஏசிக்கொண்டு வரும். டீசல் விக்கிற விலைக்கு நான் ஒரு சீட்டைச் சும்மா விடவும் ஏலாது. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யிற?"

"நான் சொன்னா நீ கேக்கவா போறாய்? ஓட்டு."

வானில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன் ஒருமுறை கொழும்பு போனபோது பக்கத்தில் ஒரு பருத்த ஐயா. அவர் கெட்டவர் இல்லை, ஒவ்வொரு வளைவிலும் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அரை இருக்கையில் முழுப் பயணமும் இருந்துவிட்டு, இறங்கும்போது ஒரு கால் மரத்துப்போய் நடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, "அப்பிடி ஆக்களிட்ட ரெண்டு பேருக்கு எடுக்கோணும்" என்று கணவரிடம் சொன்னவளும் நான்தான்.

அதை நினைத்ததாலோ என்னவோ, அந்த மாமியின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. பாலம் தாண்டுவதற்குள் என் மகளின் பெயர், வருத்தம், என்ன சாப்பிடுவாள், எல்லாம் கேட்டு முடித்துவிட்டார். பிள்ளை என் மடியில் நெளிவதைக் கண்டு, "இஞ்ச இருத்து அவவ" என்று தனக்கும் எனக்கும் நடுவில் மிஞ்சிக் கிடந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். "நான் காசு குடுத்த இடம்தான். நான் ஒண்டரை ஆள். மற்ற அரை ஆள் இவ."

மகள் அந்த இடத்தில் அவருடைய கையில் தலை சாய்த்து நித்திரையாகிவிட்டாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அவர் காசு கொடுத்த இடத்தில் என் பிள்ளை படுத்திருக்கிறாள், நான் பங்கு கொடுக்க வேண்டாமா? கொடுத்தால் கோபிப்பாரோ? கொடுக்காவிட்டால் என்ன நினைப்பார்? கேட்பதற்கு வாயைத் திறப்பதும் மூடுவதுமாகவே நான் வந்தேன்.

மாமியும் மறுநாள் காலையில் ஓர் இடத்துக்குப் போகவேண்டியவர். கனடாவில் இருக்கும் ஒரே மகளுக்கு மாசி மாதம் பிள்ளை பிறக்கப் போகிறது. அங்கே கூடமாட நிற்க ஒருவரும் இல்லை. அம்மா வரவேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்று விசாவுக்கு எல்லாம் அனுப்பியிருக்கிறாள். காலையில் எம்பசியில் நேர்முகம். "புள்ள பெத்தா அவளுக்குச் சரக்குத் தண்ணி அவிச்சுக் குடுக்கவும் அங்க ஆள் இல்ல. வயித்துப் புள்ளக்காரி, போனில அழுறாள்" என்றார்.

 பிறகு மற்றவர்களுக்குக் கேட்காமல் என் பக்கம் சரிந்தார்.

"மனே, நீ படிச்ச புள்ள. நான் வாவியால அக்கரைக்குப் போகக்குள்ள தோணிக்காரன் என்னை நடுவில இருத்துவான். மாமி இருந்தா தோணி ஆடாது எண்டு சொல்லுவான். காசு ஒராளுக்குத்தான். இவன் ரெண்டு பேருக்கு எடுக்கிறான். பிளேனிலயும் இப்பிடித்தான் ரெண்டு சீட் எடுக்கச் சொல்லுவானுகளோ?"

"தெரியாது மாமி. டிக்கெட் போடுறவங்களிட்டக் கேக்கலாம்."

"டிக்கெட் போடுறது மருமகன். அவரிட்டச் சொல்லவா, மருமகன், மாமி ஒராள் இல்ல, ரெண்டு டிக்கெட் போடுங்க எண்டு?"

சொல்லிவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

ஊர் எல்லையில் முதல் சோதனைச் சாவடி. அன்று வாகனங்கள் நிறைய நின்றதால் எங்களை இறக்கவில்லை. எத்தனை பேர் என்று சிப்பாய் கேட்க, சாரதி பதினாலு என்றார். அவர் நாளாந்தம் சொல்லும் சொல் அது. பதினாலு இருக்கை விற்றால் பதினாலு பேர். சிப்பாய் அதைத் துண்டில் எழுதிக் கொடுத்தான். அடுத்த பெரிய சாவடியில் அந்தத் துண்டைக் கொடுக்க வேண்டும். எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தரம் யோசிக்கிற எனக்கு, யோசிக்க வேண்டிய ஒரேயொரு விஷயம் கண்ணில் படவில்லை.

மாவட்ட எல்லையில் உள்ள பெரிய சாவடியில் எல்லோரையும் பைகளோடு இறக்கினார்கள். வரிசையில் நின்றோம். எண்ணினார்கள். பதின்மூன்று. கைப்பிள்ளைகள் கணக்கில் இல்லை. திரும்பவும் எண்ணினார்கள். பதின்மூன்று. சிப்பாய் துண்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், பிறகு உள்ளே போய்த் தன் அதிகாரியைக் கூட்டிவந்தான்.

இந்தக் காலத்தில் ஒரு ஆள் குறைந்தால் அது என்ன என்று இதை வாசிக்கிற பலருக்குச் சொல்லத் தேவையில்லை. வழியெல்லாம் காடு. ஏறிய ஒருவர் நடுவில் இறங்கியிருக்கிறார். எங்கே இறங்கினார், ஏன் இறங்கினார், வானுக்குள் எதை விட்டுவிட்டு இறங்கினார்? எங்களை ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே ஒதுக்கினார்கள். பைகளைத் தரையில் வரிசையாக வைத்து, அவரவர் பைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். வானை யாரும் கிட்டப் போகாதபடி தள்ளி நிறுத்தினார்கள். பின்னால் வந்த வாகனங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே கடந்து போயின. வெயில் ஏறியது. மகள் தண்ணீர் கேட்டாள். தண்ணீர்ப் போத்தல் வானுக்குள். இன்று மறித்து வைத்தால் நாளை கிளினிக் இல்லை, எம்பசியும் இல்லை. மாமி கருவாட்டுப் பைக்குப் பின்னால் நின்று, எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "என்ர புள்ள அங்க காத்துக்கொண்டு கிடக்கும்."

சாரதி தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சீட் பதினாலு, ஆள் பதின்மூன்று என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அதிகாரி நம்பவில்லை. இளம் ஆள், கண்ணெல்லாம் நித்திரை கெட்டுச் சிவந்திருந்தது. சிங்களம் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டார். அப்பாவின் வேலை காரணமாகச் சிறு வயதில் பொலன்னறுவையில் இருந்தவள் நான். கையை உயர்த்தலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் கை உயர்ந்துவிட்டது.

ஒருவர் இரண்டு இருக்கைக்குக் காசு கொடுத்திருக்கிறார், அதனால் சாரதி பதினாலு என்று சொல்லிவிட்டார் என்றேன். ஏன் ஒருவர் இரண்டு இருக்கை எடுக்க வேண்டும் என்று கேட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த இரண்டாவது இருக்கையில் வந்தவள் என் மகள். பதினாலாவது ஆள் இந்தப் பிள்ளைதான் என்று சொல்லலாம். முழுப் பொய்யும் இல்லை. சொன்னால் கதை முடிந்துவிடும், யாரையும் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை. சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் கைப்பிள்ளையை ஒரு சாவடியிலும் எண்ணுவதில்லை என்பது அவருக்குத் தெரியாதா? இவளை மட்டும் ஏன் எண்ணினார்கள் என்று கேட்டால்? பொய் சொன்னவள் என்று என்னைத் தனியே மறித்தால் பிள்ளை யாரோடு போவாள்? நான் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றேன்.

பின்னாலிருந்து முதுகில் ஒரு விரல் குத்தியது. "சொல்லு மனே. நான் உடம்புக்காரி எண்டு சொல்லு. உள்ளதத்தானே சொல்லப் போறாய்."

சொன்னேன். நூறு கண் பார்க்க, அந்த மாமியைக் கையால் காட்டி, இவர் பருமன், ஒரு இருக்கை காணாது, அதனால் இரண்டு எடுத்தார் என்று நான்தான் சொன்னேன்.

அதிகாரி மாமியைப் பார்த்தார். பிறகு சாரதியிடம் திரும்பி, "ஒரு மனிதர் எப்படி இரண்டு பேர் ஆவார்?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். சாரதி நிலத்தைப் பார்த்தார். ஆனால் அதிகாரிக்குத் தன் கணக்கும் சரிவர வேண்டும். அவரை வானில் ஏறித் தன் இடத்தில் இருந்து காட்டச் சொல் என்றார் என்னிடம்.

மாமி நடந்து போனார். தகரக் கொட்டகையிலிருந்து வான் மட்டும் வெறும் வெளி. எங்கள் வான்காரர்கள், பின்னால் வந்து நின்ற வேறு வான்காரர்கள், சிப்பாய்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, தனியே போனார். கதவடியில் பக்கவாட்டில் திரும்பினார். கம்பியைப் பிடித்தார். ஒரு காலை வைத்ததும் வான் கிறீச்சென்று ஒரு பக்கம் சாய்ந்தது.

யாரோ ஒருவர் சிரித்தார். அவ்வளவுதான். அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் சிரிப்பாக உடைந்தது. எங்கள் ஆட்கள் சிரித்தார்கள், பிறகு சிப்பாய்கள் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் சிரித்தேனா? என் வாய் கோணியது ஞாபகம் இருக்கிறது. அது அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. சிரிக்காமல் நின்றவர் அந்த அதிகாரி ஒருவர்தான். கண்ணாடிக்குள்ளால் இரண்டு இருக்கையிலும் மாமி இருப்பதைப் பார்த்தார். துண்டில் பதினான்கை வெட்டினார். பதின்மூன்று என்று எழுதினார். போகச் சொன்னார்.

வான் புறப்பட்டதும் மாமி என்னிடம் கேட்டார்.

"என்ன எழுதினான்?"

"பதின்மூண்டு."

"அப்ப ஆமிக்கு நான் ஒராள். தோணிக்காரனுக்கும் ஒராள். இந்தத் தம்பிக்கு மட்டும் ரெண்டாள்." முன்னால் திரும்பிக் குரலை உயர்த்தினார். "தம்பி, ஆமியே எழுதித் தந்திட்டான். மற்றக் காசைத் தாவன்."

வானே சிரிப்பில் அதிர்ந்தது. சாரதியும் சிரித்தார். காசு கொடுக்கவில்லை.   பொலன்னறுவை தாண்டிச் சாப்பிட நிறுத்திய இடத்தில் மாமி இறங்கவில்லை. கையிரண்டையும் மடிக்குள் ஒடுக்கி, தன் இடத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி, என் மகளுக்கு முன்பை விட அதிக இடம் விட்டுக்கொண்டு வந்தார். இருட்டுவதற்கு முன் கொழும்பில் இறங்கினோம். "புள்ளைக்கு ஒண்டும் வராது, பயப்பிடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் டொக்டர் பிள்ளையைப் பார்த்தார். இதயத்தில் உள்ள ஓட்டை சிறியது, தானாக மூடலாம், பார்த்துக்கொண்டு இருப்போம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கார்த்திகையில் மாமியைச் சந்தையில் கண்டேன். விசா கிடைத்துவிட்டது என்றார். சந்தோசத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கனடாவுக்கு ஒரு கோல் எடுத்துத் தா என்று பக்கத்துத் தொலைபேசிக் கடைக்குக் கூட்டிப்போனார். இலக்கத்தை நான்தான் அழுத்திக் கொடுத்தேன். மகளிடம் அவர் பேசியது எனக்குக் கேட்டது. "முழங்கால் ஏலாம கிடக்கு மகள். படி ஏற ஏலாது. இந்த முறை விடு, மறுகா வாறன்." எதிர்ப்பக்கம் அழும் சத்தமும் கேட்டது.

வெளியே வந்ததும், "முழங்காலுக்கு என்ன மாமி?" என்று கேட்டேன்.

"முழங்கால் நல்லாத்தான் கிடக்கு."

அந்தச் சாவடியை நினைத்துத்தான் பிளேனில் போகப் பயப்படுகிறார் என்று எனக்கு விளங்கியது. அந்த அதிகாரியே உங்களை ஒராள் என்று எழுதினாரே என்றேன்.

"எழுதினான் மனே. ஏறிக் காட்டச் சொல்லித்தானே எழுதினான்." சந்தைக்குப் போகிற சனத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆமி சிரிச்சா ஆமி. நம்மட ஆக்களும் சிரிச்சாங்க. அந்தப் பிளேனிலயும் அவனுகள் எழும்பு, இருந்து காட்டு எண்டா? சொல்லு எண்டு நான் முதுகில குத்துறதுக்கு நீயும் அங்க இல்லயே. அவளிட்ட இதச் சொல்லிராத. நான் பெத்த புள்ள, என்னை நினைச்சு வெக்கப்படக் கூடாது."

பிறகு பையிலிருந்து ஒரு பூச்சுமருந்துக் குழாயை எடுத்து என் கையில் வைத்தார். முன்பே ஒருமுறை முழங்கால் என்று சொன்னதற்கு மகள் கனடாவிலிருந்து தபாலில் அனுப்பியது. "எனக்கு என்னத்துக்கு? உன்ர மாமியாருக்குப் பூசு." அது இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. யாரும் அதைத் திறக்கவில்லை.

நான் இரண்டு பக்கமும் யோசிக்கிறேன். ஒருவருடைய உடம்பு பக்கத்தில் இருப்பவரின் இடத்துக்குள் வந்தால் அந்த மற்றவர் என்ன செய்வார்? அந்த மரத்துப்போன கால் என்னுடையது. சாரதியின் டீசலும் பொய்யில்லை. ஆனால் அந்த மாமியின் மிச்ச இடத்தில்தான் என் பிள்ளை கொழும்பு மட்டும் நித்திரை கொண்டாள், அதற்கு யாரும் என்னிடம் காசு கேட்கவில்லை. இரண்டு இருக்கைக்குக் காசு கேட்பது நியாயமா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஏறி இருந்து காட்டு என்பது நியாயமில்லை என்று மட்டும் அந்தத் தகரக் கொட்டகையில் நின்றபோது தெரிந்துகொண்டேன்.

வாசகர்களே, விமானத்தில் போய் வந்தவர்கள் இருந்தால் அங்கே என்ன நடக்கும் என்று எழுதுங்கள். யாருக்கும் தெரியாமல் முன்கூட்டியே சொல்லி ஒழுங்கு செய்ய வழி இருக்கிறதா என்றும் எழுதுங்கள். இன்னும் ஒன்று. அந்த மகளின் இலக்கம் எனக்குப் பாடமாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் இல்லை, பயம்தான் என்று அவளிடம் சொல்லலாமா? சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவரை இரண்டாம் தரமும் நான் காட்டிக்கொடுத்ததாகுமா? சொல்ல வேண்டிய நேரத்தில் என் பிள்ளைதான் பதினாலாவது ஆள் என்று சொல்லாமல் நின்றவள் நான். இந்த முறையாவது பிந்தாமல் இருக்க வேண்டும். மாசி வருவதற்கு முன் யாராவது எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.